கடலுக்குள்ளே கையைப் பிடிக்கலாமா?

போன இதழில், அந்தமானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் முதல்முறை செய்யும் ஸ்கூபா டைவ் (முதுகில் காற்றுச் சிலிண்டரோடு நீருக்குள் முங்குவது) பற்றி, ஸ்கூபா கற்றுக்கொடுப்பவளாக எழுதியபோது, “இன்ஸ்ட்ரக்டர் உங்களைப் பிடித்தபடியேதான் கூட்டிப்போவார்” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மீன், பவளம், கட்டணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாசகர்கள் பிடித்துக்கொண்டது அந்த வரியைத்தான். வந்த கடிதங்களில் ஆறை இங்கே எடுத்திருக்கிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை.

*

கல்யாணமான புதிதில் நானும் கணவரும் ஹேவ்லாக் தீவுக்குப் போயிருந்தோம். எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீருக்குள் இருந்த அரை மணி நேரமும் இன்ஸ்ட்ரக்டர் என் முதுகுக்கு மேலேயே இருந்தார். எங்கே பிடித்திருந்தார் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்து வீடியோவைப் போட்டபோது கணவர், “இவன் ஏன் உன்னை விடவே இல்லை?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த வீடியோவை நான் திறக்கவே இல்லை. அவர் செய்தது முறைதானா அக்கா?
— வாசகி, தாம்பரம்

வீடியோவைத் திறந்து பாருங்கள் அம்மா. மீனைப் பார்க்காமல் அவருடைய கைகளைப் பாருங்கள்.

ஒரு கை உங்கள் கழுத்துக்குப் பின்னால், சிலிண்டரின் தலையில் இருக்கும் வால்வைப் பிடித்திருக்க வேண்டும். இன்னொரு கை உங்கள் இடது தோளிலிருந்து தொங்கும் நெளிநெளியான குழாயின் நுனியில் இருக்கும். அதில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்றை அழுத்தினால் நீங்கள் போட்டிருக்கும் ஜாக்கெட்டுக்குள் காற்று ஏறும், மற்றதை அழுத்தினால் இறங்கும். உங்கள் முதுகுக்கு மேலே மிதந்துகொண்டு அவர் செய்தது அந்த இரண்டு பொத்தான் வேலைதான். நீங்கள் மீன் பார்க்க, அவர் உங்கள் எடையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

விடாமல் பிடிப்பதற்குக் காரணம் காற்றின் குணம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் பயத்தில் மேலே பாய்ந்தால், அதே காற்று நீர்மட்டத்துக்கு வருவதற்குள் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் அதைத் தாங்காது. ஓர் ஆள் உயரம்கூட இல்லாத ஆழத்திலிருந்தும் இந்த ஆபத்து உண்டு. முதல்முறை இறங்குகிறவருக்கு எப்போது பயம் பிடிக்கும் என்று அவருக்கே தெரியாது. மாஸ்க்குக்குள் நாலு சொட்டுத் தண்ணீர் போதும். அதனால்தான் அந்த டைவை 12 மீட்டருக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது, கை எட்டும் தூரத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். உங்களை விட்டுவிட்டு அவர் நண்டைப் படம் எடுக்கப் போயிருந்தால்தான் புகார் எழுதச் சொல்லியிருப்பேன்.

வால்வையும் குழாயையும் தவிர, தோள்பட்டைப் பட்டையைப் பிடிக்கலாம். முழங்கையையோ மணிக்கட்டையோ பிடிக்கலாம். மாஸ்க் நழுவினால் சரிசெய்யலாம், மூச்சு விடுவதற்காக வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டர் விழாமல் இரண்டு விரலால் தாங்கலாம். எல்லாம் சில நொடி வேலை. இடுப்பைச் சுற்றிக் கை போடுவதும், வயிற்றிலோ தொடையிலோ கை வைப்பதும் எந்தப் பாடத்திலும் இல்லை. வீடியோவுக்காக முகத்தோடு முகம் வைத்துக் கட்டிப்பிடித்து ஒரு போஸ் கொடுக்கச் சொல்வார்கள் சிலர். அது டைவிங் இல்லை, வேண்டாமென்று தலையாட்டலாம்.

இன்னொன்று. உங்கள் கணவரும் அன்று டைவ் செய்திருப்பார் அல்லவா? அவருடைய வீடியோவையும் போட்டுப் பாருங்கள். அவருடைய இன்ஸ்ட்ரக்டர் அவரை எங்கே பிடித்திருந்தாரோ, அதே இடத்தில்தான் உங்களையும் பிடித்திருந்தார் என்றால் பேச்சு முடிந்தது. வேறு இடம் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

(என் தாத்தா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். முங்குகிறவனின் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் படகில் உட்கார வைப்பார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு. தங்கை தாலி அறுக்கக் கூடாது என்ற கவலை அவனுக்கு இருக்குமாம். முன்பின் தெரியாத ஒருவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு 30 நிமிடம் மீன் பார்ப்பதைத் தாத்தா நம்பியே இருக்க மாட்டார்.)

*

டைவ்மாஸ்டர் (இன்ஸ்ட்ரக்டருக்கு உதவியாக இறங்குபவர்) பயிற்சியில் இருக்கிறேன், வயது 23. போன வாரம் ஒரு பெண்ணுக்கு வெயிட் பெல்ட் (மிதந்துவிடாமல் இருக்க இடுப்பில் கட்டும் எடைப் பட்டை) கழன்றது. இடுப்பில் கை வைக்க வேண்டுமே என்று ஒரு நொடி தயங்கினேன். பெல்ட் கீழே போனது, அவர் பலூன் மாதிரி மேலே போனார். ஆழம் 4 மீட்டர்தான், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன். தொட்டாலும் தப்பு, தொடாவிட்டாலும் தப்பு என்றால் என்னதான் செய்வது?
— வாசகர், ராமநாதபுரம்

தம்பி, ஒன்றும் ஆகவில்லை என்பது அந்தப் பெண் மூச்சை விட்டுக்கொண்டே போனதால். அந்த மாதிரி நேரத்தில் பெல்ட்டோ ஜாக்கெட்டோ கையோ, கிடைப்பதைப் பிடித்திருக்க வேண்டும். அதில் இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் உங்கள் தயக்கம் தண்ணீருக்குள் வந்தது இல்லை. கரையிலேயே சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் இறங்கியிருக்கிறீர்கள், அதுதான் அங்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டது. தண்ணீருக்குள் “தொடலாமா?” என்று கேட்க முடியாது. வாயில் ரெகுலேட்டர். அதனால் அனுமதி கேட்பதெல்லாம் மணலில் நிற்கும்போதே முடிந்துவிட வேண்டும். நான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு என் உடம்பிலேயே காட்டுவேன். “இந்த வால்வைப் பிடிப்பேன். இந்தப் பட்டையைப் பிடிப்பேன். பெல்ட் கழன்றால் இடுப்பில் பிடிப்பேன், மாட்டியதும் விட்டுவிடுவேன். நீங்கள் பயந்து மேலே பாய்ந்தால் எது கையில் சிக்குகிறதோ அதைப் பிடிப்பேன், மன்னிப்புக்கூடக் கேட்க மாட்டேன்.” இந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், “இதில் எதுவாவது சங்கடம் என்றால் இப்போதே சொல்லுங்கள்” என்பேன். மொத்தம் 2 நிமிடம்.

இந்தப் பழக்கம் எனக்குப் புத்தகத்தால் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், படகு ஆடிக்கொண்டிருக்கிறது, ஒரு கல்லூரிப் பெண்ணின் ஜாக்கெட்டில் நெஞ்சுக் கொக்கி மாட்டாமல் தொங்குகிறது. எட்டிக் கை நீட்டி ‘டக்’கென்று மாட்டிவிட்டேன். நானும் பெண்தானே என்ற நினைப்பு. அவள் சுட்டதுபோலப் பின்னால் போனாள். அப்படியே படகின் ஓரத்தில் உட்கார்ந்தவள் அன்று தண்ணீரில் இறங்கவே இல்லை. காரணம் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கரைக்கு வரும்வரை, காலில் மாட்டும் துடுப்புகளை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு பெண்ணாக இருந்தாலும், “நெஞ்சுக் கொக்கியை நீங்களே மாட்டுங்கள், நான் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன்” என்று சொல்லாமல் கையைக் கொண்டுபோவதில்லை.

மற்றதெல்லாம் கைப்பழக்கம். கால் உதைப்பதைத் திருத்த வேண்டுமா? கெண்டைக்காலைப் பிடிக்க வேண்டாம், துடுப்பின் நுனியைப் பிடித்து ஆட்டிக் காட்டுங்கள், இன்னும் நன்றாகப் புரியும். வெட்சூட் (டைவ் செய்யும்போது போடும் இறுக்கமான ரப்பர் உடை) ஜிப்புக்கு நீளமான நாடா வைத்திருப்பதே, அவரவரே கையைப் பின்னால் கொண்டுபோய் இழுத்துக்கொள்ளத்தான். அவசரமாக மேலே வரும் பயிற்சியில், மாணவர் ஒரே மூச்சை விட்டபடி ஏறும்போது, நாளைக்கு இன்ஸ்ட்ரக்டராக நீங்கள் அவரைப் பிடித்தே ஆக வேண்டும். அது விதி. அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிடிப்பது ஜாக்கெட்டாக இருக்கட்டும்.

படகில் ஏற்றுவதுதான் நம் ஊரில் பெரிய தலைவலி. ஏணி இல்லாத ஃபைபர் படகுகள். மேலே இரண்டு பேர் இழுப்பார்கள், கீழே ஒருவர் பின்பக்கத்தில் கை கொடுத்துத் தள்ளுவார். உதவி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், தள்ளப்பட்டவர் ராத்திரி வரை அதையே நினைத்துக்கொண்டிருப்பார். முதலில் வெயிட் பெல்ட்டைக் கழற்றி மேலே கொடுங்கள். அப்புறம் ஜாக்கெட்டும் சிலிண்டரும். துடுப்பு மட்டும் காலில் இருக்கட்டும். “ஒன்று, இரண்டு, மூன்று” சொல்லி அவர் உதைக்க, மேலே இருப்பவர்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் முக்கால்வாசிப் பேர் ஏறிவிடுவார்கள். மீதிப் பேருக்கு உங்கள் உள்ளங்கையைப் பாதத்துக்கு அடியில் படியாகக் கொடுங்கள். ஏணி இருக்கும் படகென்றால் ஏறுகிறவருக்கு நேர் கீழே நிற்கவே கூடாது. சிலிண்டரோடு அவர் விழுந்தால் உங்கள் தலைமேல்தான்.

*

மகளுக்கு 12 வயது. நீச்சல் நன்றாக வரும். ஸ்கூபா கோர்ஸ் சேர வேண்டும் என்கிறாள். என் கணவர் பெண் இன்ஸ்ட்ரக்டர் இருந்தால்தான் அனுப்புவேன் என்கிறார். தேடினால் எல்லாரும் ஆண்களாகவே இருக்கிறார்கள்.
— வாசகி, மதுரை

பெண் இன்ஸ்ட்ரக்டர்கள் குறைவுதான், நான் ஒருத்தி ஊர் ஊராகப் போக முடியாது. கிடைத்தால் நல்லது. ஆனால் பெண் என்பதாலேயே நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது, ஆண் என்பதாலேயே ஒதுக்கவும் வேண்டாம்.

உலகத்தில் பெரிய பயிற்சி அமைப்புகளில் ஒன்றான ‘பாடி’ (PADI) 1966-இல் அமெரிக்காவில் தொடங்கியது. (“பாடியில் சேர்த்திருக்கிறோம்” என்று ஒருவர் ஃபோனில் சொல்லி, ஊரிலிருந்த பாட்டி பதறிப்போன கதை எங்கள் தொழிலில் உண்டு.) அவர்கள் கணக்கில் 10 வயதிலிருந்தே ஜூனியர் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலை கோர்ஸ் சேரலாம். 10, 11 வயதுக்கு ஆழம் 12 மீட்டர் வரைதான். உங்கள் மகளுக்கு 12 என்பதால் 18 மீட்டர் வரை போகலாம், ஆனால் கூடவே சான்றிதழ் உள்ள பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அந்தப் பெரியவராக உங்கள் கணவரே ஏன் இருக்கக் கூடாது? அவரும் சேர்ந்து கற்றுக்கொள்ளட்டும். கவலை பாதி குறையும், மீதி நேரம் அவருக்கே மூச்சு வாங்கும்.

அவர் வரவில்லை என்றால் நீங்கள் போங்கள். முதல் நாட்கள் பெரும்பாலும் நீச்சல் குளத்தில்தான் நடக்கும், கரையில் நாற்காலி போட்டு உட்காரலாம். “பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாமா?” என்று சேரும்போதே கேளுங்கள். முகம் சுளிக்கிற இடத்தில் சேர்க்க வேண்டாம். கடல் டைவுக்குப் படகிலும் ஏறிக்கொள்ளுங்கள், வாந்தி வந்தாலும் பரவாயில்லை. உடை மாற்றும் இடத்தில் குழந்தையோடு ஊழியர்கள் தனியாக இருக்கக் கூடாது. வெட்சூட் இறுக்கமாக இருக்கிறது, போட்டுவிடுகிறேன் என்று யாராவது வந்தால் அது உங்கள் வேலை, அவருடையது இல்லை. (வெட்சூட்டுக்குள் கால் நுழையவில்லையா? ஒரு பிளாஸ்டிக் பையைப் பாதத்தில் மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும்.)

மகளிடம் நான் மேலே சொன்ன இடங்களைச் சொல்லிவிடுங்கள். வால்வு, பட்டை, முழங்கை. பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் “நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்” இங்கே குழப்பும். ஏனென்றால் இங்கே தெரியாத ஒருவர் நல்ல காரணத்துக்காகவே தொடுவார். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு போக்சோ சட்டம் இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, அதெல்லாம் உங்களுக்கும் தெரியும். அதற்கு முன்னால், ராத்திரி சாப்பிடும்போது “இன்றைக்கு எந்தப் பயிற்சியில் சார் எங்கே பிடித்தார்?” என்று சாதாரணமாகக் கேட்டுப் பழகுங்கள்.

*

52 வயது ஆண் நான். டைவில் ஓர் இளைஞர் என் கையைக் கோத்துக்கொண்டே வந்தார். கூச்சமாக இருந்தது. உதறிவிட்டேன். தப்பா?
— வாசகர், ஈரோடு

நீங்கள் உதறியிருக்க வேண்டாம், அவரும் விரல் கோத்திருக்க வேண்டாம். மணிக்கட்டைப் பிடித்தால் போதும். அடுத்த முறை இறங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், வால்வைப் பிடித்துக்கொள்வார். கூச்சம் பெண்களுக்கு மட்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

*

நாலு நாள் கோர்ஸ் சேர்ந்தேன். நீருக்குள் அசையாமல் மிதக்கும் பயிற்சியில், பேலன்ஸ் வருவதற்கு என்று சொல்லி இன்ஸ்ட்ரக்டர் என் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்தார். ஒருமுறை இல்லை, மூன்று நாளும். மேலே வந்து கேட்டதற்கு “அப்புறம் எப்படிக் கத்துக்கறது?” என்று சிரித்தார். படிவத்தில் எழுதியிருந்த நம்பரை எடுத்து இப்போது ராத்திரியில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது. கடைசி டைவ் பாக்கி இருக்கிறது. பணம் கட்டியாகிவிட்டது. கடலுக்கடியில் நடந்ததற்கு யார் சாட்சி?
— வாசகி, கோவை

கடைசி டைவை அவரோடு செய்யாதீர்கள். இதுதான் முதல் பதில்.

தொழில் தெரிந்தவளாக ஒன்று சொல்கிறேன், எங்கே போய்ப் பேசினாலும் இது உங்களுக்கு உதவும். மிதக்கும் பயிற்சியின் பாடமே மூச்சுதான். மூச்சை இழுத்தால் உடம்பு கொஞ்சம் எழும்பும், விட்டால் கொஞ்சம் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை மாணவர் தானாக உணர வேண்டும். வயிற்றுக்கு அடியில் ஒரு கை இருந்தால் அவருக்கு எதுவுமே தெரியாது. அதாவது அவர் கை பாடத்துக்கு உதவவில்லை, கெடுத்திருக்கிறது. ரொம்பத் தடுமாறுகிறவர்களை நாங்கள் பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்து நிலைநிறுத்துவோம், அதுவும் ஓரிரு தடவை. “அப்புறம் எப்படிக் கத்துக்கறது?” என்றால், இப்படித்தான் என்று சொல்லலாம்.

இன்றைக்கே உட்கார்ந்து எழுதுங்கள். எந்தத் தேதி, எந்தப் பயிற்சி, எத்தனை மணி, கூட யார் இருந்தார்கள், மேலே வந்து நீங்கள் கேட்டபோது யார் காதில் விழுந்தது. உங்கள் லாக்புக்கில் ஒவ்வொரு டைவின் நேரமும் ஆழமும் அவர் கையெழுத்தோடு இருக்கும். வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். அன்று யாராவது கேமரா கொண்டுவந்திருந்தால் வீடியோவைக் கேட்டு வாங்குங்கள். சாட்சி இல்லை என்று நினைத்தீர்களே, இவ்வளவு இருக்கிறது.

எங்கள் சென்டரில் நான் புகார்க் குழுவில் இருப்பதால் சட்டத்தில் இது மட்டும் தெரியும். பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், 2013, அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு மட்டுமானது இல்லை. விளையாட்டுப் பயிற்சி நடக்கும் இடமும் அதில் பணியிடம்தான், பயிற்சிக்கு வந்த நீங்களும் புகார் கொடுக்கலாம். நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிப்பார்கள். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடை என்றாலோ, தொட்டவரே முதலாளி என்றாலோ மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். டைவ் கடைகள் பாதி அப்படித்தான் இருக்கும். போலீஸுக்குப் போவதென்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 74, 75 பிரிவுகள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள். அவருக்குச் சான்றிதழ் கொடுத்த அமைப்புக்கும் தனியாக எழுதுங்கள். ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்டருக்கும் ஒரு எண் உண்டு, உங்கள் கோர்ஸ் படிவங்களில் இருக்கும். கடைக்காரர் சமாதானம் பேசலாம், அமைப்பு எண்ணை முடக்கினால் அவரால் சான்றிதழ் போட முடியாது.

பணத்தை நினைத்துத்தான் பலபேர் வாய்மூடிப் போகிறார்கள். நீங்கள் முடித்த பகுதிகளுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மீதியை வேறு இடத்தில் முடிக்கலாம். பாடி கோர்ஸ் என்றால் முடித்த பகுதி 12 மாதம் வரை செல்லும். கையெழுத்துக்கு அவரிடம் தனியாகப் போக வேண்டாம், கடையின் மெயிலுக்கு எழுதிக் கேளுங்கள்.

இனி டைவ் செய்யப் போகும் எல்லாருக்கும் சேர்த்து. பஸ்ஸில் ஒருவன் இடித்தால் திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். தண்ணீருக்குள் அப்படி நகர முடியாது. கோபத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் அடிபடுவது நீங்கள்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டுங்கள். கரையில் அதற்கு ‘சூப்பர்’ என்று அர்த்தம், எங்களுக்கு ‘மேலே போகலாம்’. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் டைவை முடிக்கலாம். அந்தச் சைகைக்கு இன்ஸ்ட்ரக்டர் கேள்வி கேட்கக் கூடாது. மூச்சை விட்டபடி மெதுவாக வாருங்கள். 8 மீட்டரிலிருந்து மேலே வர ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் ரொம்ப நீளமாக இருக்கும், தெரியும்.

*

தாலிச் செயினோடு டைவ் செய்யலாமா? மாமியார் கழற்றக் கூடாது என்கிறார்.
— வாசகி, தஞ்சாவூர்

செய்யலாம். வெட்சூட்டுக்கு உள்ளே போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். வெளியே தொங்கினால் ஜாக்கெட்டின் தோள்பட்டைப் பட்டையில் சிக்கும், இன்ஸ்ட்ரக்டர் அவசரமாக அந்தப் பட்டையைப் பிடிக்கும்போது செயினும் சேர்ந்து வரும். மூக்குத்தி திருகு வெளியே நீட்டியிருந்தால் மாஸ்க் குத்தும், தட்டையானது பரவாயில்லை. தாலியில் கொத்தாக ஊக்கு மாட்டி வைத்திருப்பீர்களே, அதை மட்டும் மாமியாரிடமே கழற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். போன வருடம் ஒரு அம்மாவின் ஊக்கு வெட்சூட்டைத் துளைத்துக்கொண்டு வந்து, பெல்ட்டைச் சரிசெய்யப் போன என் உள்ளங்கையில் ஏறியது. அவர் பாவம், 9 மீட்டர் ஆழத்தில் எனக்கு ‘ஓகேவா?’ என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்.